செயலியில் பஸ் வருகிறது, ரோட்டில் காணோம்: போக்குவரத்துத் தரவுத் தரநிலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் பெஸ்தாரி ஜெயா. பெரியவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை, நடுவில் ஒரு கடைத்தெரு, அங்கிருந்து பிரிந்து போகும் தோட்டத்துப் பாதைகள். நான் போக்குவரத்துத் தரவு வேலையில் இருப்பதால் கல்யாண வீடு, கோயில் திருவிழா, ஒட்டுக்கடை என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் கைப்பேசியை நீட்டி, "இதுல பஸ் வருதுன்னு காட்டுது, அரை மணி நேரமா நிக்கிறோம், ஏன்?" என்று கேட்பார். பதிலை ஒவ்வொரு முறையும் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. அதனால் முழுதாக இங்கே எழுதுகிறேன்.

அறிவார்ந்த போக்குவரத்து அமைப்பு என்கிறார்களே, அது என்ன?

பெயர்தான் பெரிது. பஸ்ஸில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி, டோலில் காரைப் படிக்கும் கருவி, நெடுஞ்சாலையில் "முன்னே நெரிசல்" என்று எழுதிக்காட்டும் பலகை, கூட்டத்துக்கேற்ப நேரத்தை மாற்றிக்கொள்ளும் சமிக்ஞை விளக்கு, உங்கள் கையில் இருக்கும் செயலி எல்லாம் அதில் அடக்கம். இவை ஒன்றோடொன்று பேசிக்கொண்டால்தான் அது ஓர் அமைப்பு. பேசாவிட்டால் தனித்தனிக் கருவிகள், அவ்வளவுதான்.

தரநிலைகளை ஒத்திசைப்பது என்றால் எல்லாரும் ஒரே மென்பொருளை வாங்க வேண்டுமா?

வேண்டாம். இந்தத் தவறான எண்ணத்தால்தான் சின்ன நிறுவனங்கள் பயந்து ஒதுங்குகின்றன.

என் பாட்டி பால்மரம் சீவியவர். செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆட்பதிவேட்டில், அவர் பெயருக்கு ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் மூன்றாவது ஒன்று. இருந்தும் சம்பள நாளில் ஒரு தடவைகூடக் குழப்பம் வந்ததில்லை, ஏனென்றால் தோட்டத்துக் கணக்கரான கிராணி பார்த்தது பெயரை அல்ல, செக்ரோல் நம்பரை. வேலையை விட்ட பிறகு தனக்குச் சேர வேண்டிய பணத்துக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனார், அங்கே பெயர் வேறுபடும் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு "இது நீங்கள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். அதற்காக அவர் எத்தனை தடவை பஸ் ஏறினார் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு தாளும் தனியாகப் பார்த்தால் சரிதான், ஒன்றை இன்னொன்றோடு பொருத்த வேண்டி வந்தபோதுதான் சிக்கல்.

போக்குவரத்துத் தரவிலும் நடப்பது இதுவேதான். பஸ் நிறுவனத்தின் கணினியில் எல்லாம் சரி, நகராட்சியின் நிறுத்தப் பட்டியலும் சரி, செயலி செய்தவர் எழுதிய நிரலும் சரி. மூன்றையும் சேர்க்கும் இடத்தில் "நிறுத்தம்", "பயணம்", "கிளம்பும் நேரம்" என்ற சொற்களுக்கு மூன்று பேரும் மூன்று பொருள் வைத்திருக்கிறார்கள். உள்ளே எந்த மென்பொருளையும் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே கொடுக்கும்போது சொல்லுக்கு ஒரே பொருளும் பொருளுக்கு ஒரே எண்ணும் கொடுங்கள் என்று உடன்படுவதுதான் ஒத்திசைவு.

நிறுத்தத்துக்குத்தான் பெயர் இருக்கிறதே, எண் எதற்கு?

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். 2007-இல் பத்தாங் பெர்ஜுந்தை பெஸ்தாரி ஜெயா ஆனது. பழைய பெயரில் ஒரு பட்டியலும் புதிய பெயரில் ஒரு பட்டியலும் இருந்தால் கணினிக்கு இவை இரண்டு ஊர்கள். தெலுக் அன்சன் 1982-இல் தெலுக் இந்தான் ஆனது, போர்ட் சுவெட்டன்ஹாம் அதற்கு முன்பே போர்ட் கிள்ளான் ஆகிவிட்டது.

ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வணிக அளவில் செம்பனை நட்டார்கள், நட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பெயர் தென்னைமரம், நட்டது செம்பனை. ரோமன் எழுத்தில் எழுதும்போது ஒரே எழுத்து கூடவோ குறையவோ செய்தால் தேடலில் அந்த இடம் கிடைக்காது. தோட்டங்களுக்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிடும் பெயர் வேறு. மனிதன் புரிந்துகொள்வான், கணினி புரிந்துகொள்ளாது.

அதனால் நிறுத்தத்துக்கு ஓர் எண் வேண்டும், பெயர் எத்தனை தடவை மாறினாலும் எண் மாறக்கூடாது. பிரிட்டனில் இதற்கென்றே நாப்டான் என்று ஒரு தேசியப் பதிவேடு இருக்கிறது, பஸ் நிறுத்தம், ரயில் நிலையம், படகுத்துறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. நார்வேயிலும் தேசிய நிறுத்தப் பதிவேடு உண்டு. பஸ் நிறுவனம் மாறலாம், ஒப்பந்தம் மாறலாம், கம்பத்தின் எண் அப்படியே இருக்கும். என்னைக் கேட்டால் முதல் ரிங்கிட்டை இதற்குத்தான் செலவழிக்க வேண்டும், செயலிக்கு அல்ல.

ஜி.டி.எஃப்.எஸ் என்று அடிக்கடி சொல்கிறார்கள், அது என்ன?

பொதுப் போக்குவரத்துக் கால அட்டவணையை வெளியிடும் ஒரு வடிவம். 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் டிரைமெட் என்ற போக்குவரத்து நிறுவனத்தில் பணியாற்றிய பிபியானா மெக்ஹியூ, ஊர் விட்டு ஊர் போகும்போது கார் வழி கண்டுபிடிப்பது எளிதாகவும் பஸ் வழி கண்டுபிடிப்பது பெரும்பாடாகவும் இருப்பதைப் பார்த்துக் கூகுளோடு சேர்ந்து தொடங்கிய வேலை அது. முதலில் அதன் பெயரிலேயே கூகுள் இருந்தது, பிறகு அந்த "ஜி"-யை "ஜெனரல்", அதாவது "பொது" என்று மாற்றினார்கள்.

உள்ளே பெரிய மர்மம் எதுவும் இல்லை. காற்புள்ளி போட்டுப் பிரித்த சில எழுத்துக் கோப்புகளை ஒரே ஜிப்பாகக் கட்டியிருப்பார்கள். ஒன்றில் நிறுத்தங்கள், ஒன்றில் தடங்கள், ஒன்றில் பயணங்கள், ஒன்றில் எந்தப் பயணம் எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு, இன்னொன்றில் எந்தக் கிழமை ஓடும். இதை ஒரு சாதாரண அட்டவணைக் கோப்பாகவே திறந்து பார்க்கலாம். அது வெற்றி பெற்றதற்குக் காரணமும் இந்த எளிமைதான். 2011-இல் நிகழ்நேர நீட்டிப்பு வந்தது, அதில் வண்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு தாமதம், ஏதாவது இடையூறு உண்டா என்ற மூன்று வகைச் செய்திகள் வரும்.

மலேசியாவில் இந்தத் தரவு பொதுமக்களுக்குக் கிடைக்கிறதா?

கிடைக்கிறது. அரசின் திறந்த தரவுத் தளத்தில் ரயில் நிறுவனமான கேடிஎம், நகர ரயிலும் ரேப்பிட் பஸ்ஸும் நடத்தும் பிரசாரானா ஆகியவற்றின் கால அட்டவணைகள் ஜி.டி.எஃப்.எஸ் வடிவத்தில் இருக்கின்றன, வண்டிகளின் இருப்பிடமும் கொடுக்கிறார்கள். காசு கட்ட வேண்டாம். கிள்ளான் பள்ளத்தாக்கு, பினாங்கு, குவாந்தான் போன்ற இடங்களில் ஓடும் ரேப்பிட் பஸ்களை இப்படிப் பார்க்கலாம். இது நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் தோட்டப்புறத்துக்கு வரும் வண்டிகளில் பல சின்ன நிறுவனங்களுடையவை. கோலாலம்பூரில் ஒரு ரயிலை விட்டால் சில நிமிடத்தில் அடுத்தது வந்துவிடும், தரவு தப்பாக இருந்தாலும் பெரிய நட்டமில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பஸ், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பஸ் என்று ஓடும் ஊரில் ஐந்து நிமிடத் தவறு என்றால் கிளினிக் முறை போச்சு, மாலை வகுப்பு போச்சு. தரவு மிகச் சரியாக இருக்க வேண்டிய இடம் சின்ன ஊர், அதற்குக் கடைசியாகத்தான் தரவு வருகிறது.

வரைபடத்தில் எங்கள் பஸ் நிறுத்தம் ஏன் செம்பனைக் காட்டுக்குள் இருக்கிறது?

இதை என்னிடம் கேட்காத ஆள் இல்லை. பெரும்பாலும் காரணம் அளவை அடிப்படை, அதாவது பூமியில் ஓர் இடத்தை எந்தக் கணக்கை வைத்து அளக்கிறோம் என்பது. தீபகற்ப மலேசியாவின் பழைய வரைபடங்கள் கெர்த்தாவ் என்ற அடிப்படையில் வரையப்பட்டவை, ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ் 84. பூமியின் நடுப்புள்ளி எங்கே, வடிவம் என்ன என்பதில் இரண்டுக்கும் வேறுபாடு இருப்பதால், பழைய வரைபடத்தில் படித்த அட்சரேகை, தீர்க்கரேகையை மாற்றாமல் அப்படியே புதிய கோப்பில் போட்டால் நிறுத்தம் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். கோலாலம்பூரில் நூறு மீட்டர் என்றால் அடுத்த கட்டடம். இங்கே செம்பனை வரிசை. செயலி சொல்லும் பாதையில் அம்மா ஒருவர் குடையோடு தோட்டத்துக்குள் நடந்துபோய்த் திரும்பிவந்ததை நானே பார்த்தேன்.

ஜி.டி.எஃப்.எஸ் விதியில் டபிள்யூ.ஜி.எஸ் 84 என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது, கோப்பு தயாரித்தவர் அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் போதும். அப்புறம், அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிப் போடும் தவறு நம் நாட்டில் உடனே பிடிபடும், ஏனென்றால் நம் தீர்க்கரேகை 100-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிறது, அட்சரேகை 90-ஐத் தாண்டவே முடியாது.

நேரத்தில் என்ன குழப்பம் வரப்போகிறது? எட்டு மணி என்றால் எட்டு மணிதானே?

மூன்று இடத்தில் வரும்.

ஒன்று, நள்ளிரவு. வெள்ளிக்கிழமை இரவு கிளம்பிச் சனிக்கிழமை அதிகாலை 1:10-க்கு வந்து சேரும் பஸ்ஸை ஜி.டி.எஃப்.எஸ்-இல் 25:10 என்று எழுத வேண்டும், அது வெள்ளிக்கிழமைச் சேவை என்பதால். இதைப் பார்த்து "இது என்ன இருபத்தைந்து மணி" என்று யாராவது 01:10 என்று திருத்திவிட்டால், பஸ் கிளம்புவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடும். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு விடிய விடிய ரயில் ஓடும் நாட்களை நினைத்துப் பாருங்கள், அந்த இரவுகளில்தான் இந்தத் தவறு நிறையப் பேரைத் தொடும்.

இரண்டு, உலக நேரம். நிகழ்நேரச் செய்தியில் நேரம் உலகப் பொது நேரத்தில் எண்ணாக வரும், நாம் அதற்கு 8 மணி நேரம் முன்னே. கருவி பொருத்தியவர் உள்ளூர் நேரத்தை அனுப்பிவிட்டால் பஸ் எட்டு மணி நேரம் எதிர்காலத்தில் இருப்பதாகச் செயலி நினைத்துச் செய்தியையே தூக்கி எறிந்துவிடும்.

மூன்று, கிழமை. சிலாங்கூரில் வார விடுமுறை சனி, ஞாயிறு. கெடா, கிளந்தான், திரெங்கானுவில் வெள்ளி, சனி. ஜொகூர் பல ஆண்டுகள் வெள்ளி, சனி வைத்திருந்து 2025 தொடக்கத்தில் சனி, ஞாயிறுக்கு மாறியது. "வார இறுதிச் சேவை" என்று பொதுவாக எழுதினால் எந்த மாநிலத்தின் வார இறுதி? அதனால்தான் தரநிலையில் ஏழு கிழமைக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது, தைப்பூசம் போல மாநிலத்துக்கு மாநிலம் மாறும் விடுமுறைக்குத் தேதிவாரியாக விதிவிலக்குக் கோப்பும் இருக்கிறது. கட்டம் இருந்தும் நிரப்பாமல் விடுவதுதான் நடக்கிறது.

சரி, அட்டவணை சரியாக இருந்தும் இல்லாத பஸ்ஸை ஏன் காட்டுகிறது?

ஒரு நிறுவனத்தின் கோப்பை ஒரு சனிக்கிழமை இரவு முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். ஜிபிஎஸ் வேலை செய்கிறது, இணையம் வேலை செய்கிறது, அட்டவணையும் சரி. ஆனால் எந்தப் பஸ்ஸும் எந்தப் பயணத்தோடும் ஒட்டவில்லை. கடைசியில் இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ஒரு வரியை எழுத்து எழுத்தாகப் படித்தேன். பஸ்ஸில் இருந்த கருவி அனுப்பிய பயண எண் 0417. அட்டவணைக் கோப்பில் 417.

யாரோ ஒருவர் நேரத்தைத் திருத்த அந்தக் கோப்பை எக்செலில் திறந்து சேமித்திருக்கிறார், எக்செல் முன்னால் இருந்த பூஜ்யத்தைத் தின்றுவிட்டது. மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு 0417 என்ற பயணமே உலகத்தில் இல்லை. உண்மையான பஸ் பொருந்தாததால் செயலி அட்டவணை நேரத்தையே எடுத்துக் காட்டியது, ஓடாத பஸ்ஸையும் சேர்த்து. அன்றைக்கு டயர் பழுதாகி ஒரு வண்டி பட்டறையில் நின்றது, கைப்பேசியில் அது "3 நிமிடத்தில்" வந்துகொண்டே இருந்தது.

திருத்தம் ஐந்து நிமிட வேலை. ஆனால் அதற்கு முன் எத்தனை பேர் எத்தனை காலைகள் வெயிலில் நின்றிருப்பார்கள் என்று நினைக்கும்போது இன்றும் வயிறு கலங்குகிறது. இதைத் தடுக்க இலவசச் சரிபார்ப்புக் கருவிகள் இருக்கின்றன. ஜி.டி.எஃப்.எஸ்-ஐப் பராமரிக்கும் மொபிலிட்டிடேட்டா அமைப்பே ஒன்றை வெளியிட்டிருக்கிறது. ஆனால் அட்டவணையை மட்டும் சரிபார்த்தால் இந்தப் பூஜ்யம் சிக்காது, அட்டவணையையும் வண்டி அனுப்பும் செய்தியையும் சேர்த்து ஒப்பிட்ட பிறகே வெளியிட வேண்டும்.

உலகம் முழுக்க ஜி.டி.எஃப்.எஸ் ஒன்றுதானா?

இல்லை. ஐரோப்பாவில் டிரான்ஸ்மாடல் என்ற பெரிய கருத்து மாதிரியிலிருந்து கிளைத்த நெடெக்ஸ் கால அட்டவணைக்கும் கட்டணத்துக்கும், சிரி நிகழ்நேரத்துக்கும், டேடெக்ஸ் 2 சாலைப் போக்குவரத்துக்கும் இருக்கின்றன. நெடெக்ஸ் விரிவானது. நிலையத்தின் படிக்கட்டு, மின்தூக்கி, கட்டண விதி, ஓட்டுநர் பணிமுறை வரை எழுதலாம். விரிவு கூடினால் கஷ்டமும் கூடும், அதனால் நாட்டுக்கு நாடு "இந்தப் பகுதிகளை இப்படிப் பயன்படுத்துவோம்" என்று சுருக்க வரையறை ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். நார்வேயில் உள்ளே நெடெக்ஸ், வெளியே ஜி.டி.எஃப்.எஸ்-உம் கொடுக்கிறார்கள். விரிவானதிலிருந்து எளியதற்கு மாற்றும்போது சில விவரம் உதிரும், எளியதிலிருந்து விரிவானதற்குப் போகும்போது இல்லாததை உண்டாக்க முடியாது. எங்களைப் போன்ற ஊருக்கு எதில் தொடங்கலாம் என்றால் தயங்காமல் ஜி.டி.எஃப்.எஸ் என்பேன். ஒரு கிராணி அளவுக்குப் பொறுமை உள்ள ஓர் ஆள், ஒரு கணினி, அது போதும்.

நம் நாட்டில் ஒத்திசைவு ஏற்கெனவே நடந்த உதாரணம் ஏதாவது உண்டா?

டோல். ஒரு காலத்தில் நெடுஞ்சாலைக்கு நெடுஞ்சாலை வேறு மின்னியல் கருவி, ஒன்றில் செல்லும் கருவி அடுத்ததில் செல்லாது. 1997-இல் வந்த டச் அண்ட் கோ அட்டையும், அதற்குப் பின் வந்த ஸ்மார்ட்டேக் கருவியும் பிறகு எல்லா நெடுஞ்சாலைக்கும் பொதுவாயின. ஆனால் அங்கே ஒத்துப்போனது பணம் பிடிக்கும் முறை. சாலையில் என்ன நடக்கிறது என்ற தகவலுக்கு இன்னும் அப்படியொரு ஒற்றுமை வேண்டியிருக்கிறது.

வெள்ளம் வந்தால் சாலை மூடியிருக்கிறதா என்று ஏன் சரியாகத் தெரிவதில்லை?

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் சாலைச் செய்தி வாட்சாப்பில்தான் வருகிறது. "பாலத்துக்கிட்ட தண்ணி, போகாதீங்க." எந்தப் பாலம், எந்தப் பக்கத்திலிருந்து, இப்போதா நேற்றா? நேற்று அனுப்பிய படம் இன்று காலை ஐந்து குழுவில் சுற்றும்.

டேடெக்ஸ் 2 போன்ற தரநிலை இந்தக் கேள்விகளையே தனித்தனிக் கட்டங்களாக மாற்றுகிறது: என்ன நிகழ்வு, எங்கே, எப்போதிலிருந்து, யார் சொன்னார், எப்போது பதிப்பித்தார். "எங்கே" என்பதுதான் கடினம். கிலோமீட்டர் கல்லைச் சொல்லலாம், அட்சரேகை, தீர்க்கரேகையைச் சொல்லலாம், அல்லது வேறுவேறு நிறுவனத்தின் வரைபடங்களிலும் அதே சாலைத் துண்டைக் கண்டுபிடிக்க உதவும் ஓப்பன் எல்.ஆர் போன்ற முறையில் சொல்லலாம். செம்பனைக் குலை ஏற்றிய லாரி, பள்ளி வேன், ஆம்புலன்ஸ் மூன்றும் ஒரே செய்தியை ஒரே பொருளில் படிக்க வேண்டும் என்றால் இது தேவை.

கார்கள் ஒன்றோடொன்று பேசப்போவதாகச் சொல்கிறார்களே?

அதிலும் தரநிலைச் சண்டை உண்டு. அமெரிக்கா 1999-இல் இதற்காக 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 75 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கியது, 2020-இல் அதில் 45-ஐ வைஃபைக்குக் கொடுத்துவிட்டு 30-ஐ மட்டும் வைத்துக்கொண்டது. அலைவரிசை பெரிதும் பயன்படாமல் இருபது ஆண்டு போனதற்கும், வைஃபை வகைத் தொழில்நுட்பமா கைப்பேசி வகைத் தொழில்நுட்பமா என்று முடிவாகாமல் இழுபட்டதற்கும் கிடைத்த விலையில் இதுவும் சேரும் என்பது என் எண்ணம். எங்கள் ஊருக்கு இது இப்போதைக்கு அவசரம் இல்லை, நிறுத்தத்துக்கு எண் முதலில் வரட்டும்.

நிறுத்தத்தின் பெயரைத் தமிழில் காட்ட முடியுமா?

முடியும். ஜி.டி.எஃப்.எஸ்-இல் மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு கோப்பு இருக்கிறது. மலாயில் அதிகாரப்பூர்வப் பெயர் அப்படியே இருக்க, அதே எண்ணுக்குத் தமிழ்ப் பெயரையும் சீனப் பெயரையும் சேர்க்கலாம். பெயரைக் குரல் வாசிக்கும்போது எப்படி ஒலிக்க வேண்டும் என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. மலாய்ப் பலகையைப் படிக்கத் தடுமாறும் பாட்டிக்கு அவர் ஐம்பது வருடமாகச் சொல்லிவரும் பெயரிலேயே நிறுத்தத்தைச் சொல்லலாம். தரநிலை இதற்குத் தடையாக இல்லை, யாராவது நிரப்ப வேண்டும்.

நாங்கள் ஊர்க்காரர்கள் என்ன செய்யலாம்?

யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி உங்கள் நிறுத்தத்தைக் குறியுங்கள். கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று கைப்பேசியில் இடத்தைப் பிடியுங்கள், புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வைத்தால் இடத்தை ஒரு மீட்டர் அளவு வரை பிரித்து எழுதலாம். சாலையின் இரண்டு பக்கமும் நிறுத்தம் இருந்தால் இரண்டு புள்ளி வையுங்கள், எதிர்ப்பக்க நிறுத்தம் வேறு நிறுத்தம். கம்பத்தில் எண் இருந்தால் பூஜ்யத்தோடு அப்படியே எழுதுங்கள். தமிழ்ப் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, வீட்டில் பெரியவர்களைக் கேட்டு நிரப்புங்கள்.

கம்பமே இல்லாத நிறுத்தங்களும் உண்டு, கோயில் மரத்தடி, காலையில் ஆட்களைக் கணக்கெடுத்த பழைய பெரட்டுக் களத்து முனை, மூடிப்போன தோட்டப் பள்ளியின் வாசல். பஸ் அங்கே நிற்கிறது என்றால் அதுவும் நிறுத்தம்தான். அதையும் குறியுங்கள், ஓட்டுநர் எந்தப் பக்கம் நிறுத்துவார் என்பதையும் சேர்த்து.